ரொன்டோனின் ஆறு

சிறுவர்களுக்காகத் தமிழில் அறிவியல் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1914இல் அமேசான் காட்டுக்குள் நடந்த ‘சந்தேக ஆறு’ பயணத்தை நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்றால், அதை அமெரிக்க முன்னாள் அதிபர் ரூஸ்வெல்ட்டின் சாகசமாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

கதை விறுவிறுப்பானதுதான். காலில் காயம், கடும் காய்ச்சல், என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று அவர் கெஞ்சியது, எல்லாம் நடந்தவை. ஆனால் அந்த ஆற்றின் தலைப்பகுதியை 1909இலேயே பார்த்தவர் பிரேசில் ராணுவ அதிகாரி காந்திதோ ரொன்டோன். தந்திக் கம்பி இழுக்கக் காட்டுக்குள் போனவர்; தாய்வழியில் பழங்குடி வம்சம். ஆறு எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியாததால் ‘சந்தேக ஆறு’ என்ற பெயரை வைத்தவரும் அவரே. அதற்கு ரூஸ்வெல்ட்டின் பெயரைப் பயணத்தின் நடுவில் சூட்டியதும் அவர்தான், அரசின் ஆணைப்படி.

பிப்ரவரி 27 அன்று 22 பேர் ஏழு மரத்தோணிகளில் கிளம்பினார்கள். முன்னால் போகும் தோணியில் ரூஸ்வெல்ட்டின் மகன் கெர்மிட். அடுத்த வளைவு தெரியும் இடத்தில் கரையேறி, கத்தியால் கிளைகளை வெட்டி, அளவுகோலை நட்டு நிற்பார். பின்னால் வரும் தோணியிலிருந்து ரொன்டோனின் உதவி அதிகாரி லீரா, ஒரு கருவியால் தூரத்தை அளப்பார். ரொன்டோன் திசைகாட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். ஆறு பாம்பாக வளைகிறதே! முதல் அரைநாளில் கெர்மிட் கிட்டத்தட்ட நூறு முறை கரையேறியும் ஒன்பது கிலோமீட்டர் சொச்சம்தான் கடந்தார்கள். வரைபடத்தில் நாம் பார்க்கும் கோடு இப்படி வந்ததுதான். தோணிகளை இழந்து, உணவும் குறைந்த பிறகுதான் இந்த முறையைக் கைவிட்டார்கள்.

அப்புறம், அந்தக் காடு ஆளில்லாக் காடு அல்ல, சிந்தா லார்கா மக்களின் நிலம். ரொன்டோனின் நாய் லோபோ அங்கே அம்பு பட்டுச் செத்தது. அவர் பழிவாங்கக் கிளம்பவில்லை. அந்த இடத்தில் கோடாலியும் பாசிமணிகளும் வைத்துவிட்டு வந்தார். செத்தாலும் சாவோம், கொல்லமாட்டோம் என்பது அவர் தன் ஆட்களுக்கு விதித்திருந்த கட்டளை. என்னைக் கேட்டால், குழந்தைகள் முதலில் கேட்கவேண்டியது இந்தக் கதையைத்தான்.

துடுப்பு போட்டவர்களையும் ‘கூலியாட்கள்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடாதீர்கள். சிம்ப்லிசியோ அருவிச்சுழலில் தோணி கவிழ்ந்து இறந்தார். அந்த அருவிக்கு ரொன்டோன் அவர் பெயரையே வைத்தார். பைஷாவுங், உணவு திருடிய சக ஊழியர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் கடைசியில் மற்றவர்கள் மீண்டது இவர்களைப் போன்றவர்கள் தோணிகளைத் தோளிலும் உருளைக்கட்டைகளிலும் ஏற்றி அருவி அருவியாகக் கடத்தியதால்.

இன்னொரு வேண்டுகோள். அந்த அளவீட்டு முறையைப் படத்தோடு போடுங்கள். ஒரு கம்பு, ஒரு அளவுநாடா, ஒரு திசைகாட்டி இருந்தால் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் வாய்க்காலையே அளந்து வரைந்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் வாசகர்