சோட்டோவின் சம்பளம் பற்றி மீனாவுக்கு

அன்புள்ள மீனாவுக்கு,

போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். "பந்தை அடிக்கிற ஒருத்தனுக்கு 76.5 கோடி டாலரா? நான் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பென்சில்கூட என் காசில்தான் வாங்கிக் கொடுக்கிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை கொதித்தாய். கொதிப்பு நியாயம்தான். ஆனால் அது தப்பான ஆள்மேல் பாய்கிறது என்பது என் கட்சி.

பேஸ்பால் ஆட்டக்காரன் ஹுவான் சோட்டோ எங்கள் நியூயார்க் மெட்ஸ் அணிப் பையன், ஆகவே நான் நடுநிலை வேஷம் போடப்போவதில்லை. 2024 டிசம்பரில் அந்த 76.5 கோடிக்கு 15 வருட ஒப்பந்தம் போட்டபோது அவனுக்கு வயது 26. அதற்கு இரண்டு வருடம் முன்னால் வாஷிங்டன் அணி 15 வருடத்துக்கு 44 கோடி நீட்டியது, வேண்டாம் என்றான். பேராசை என்றார்கள். சரி, அவன் விலை என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார். மெட்ஸ் முதலாளி ஸ்டீவ் கோஹன் 2020-ல் அணியை வாங்கியதே சுமார் 240 கோடி டாலருக்கு. டிவி உரிமை, டிக்கெட், பியர், தொப்பி என்று காசு வந்துகொண்டே இருக்கும். சோட்டோவுக்குக் கொடுக்காவிட்டால் அது உன் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடாது, கோஹனிடமே தங்கும். சம்பளத்தால்தான் டிக்கெட் விலை ஏறுகிறது என்பார் மாப்பிள்ளை. சம்பளச் செலவு குறைந்துவிட்டது, அதனால் டிக்கெட் விலையையும் குறைக்கிறோம் என்று எந்த அணியாவது அறிவித்து அவர் பார்த்திருக்கிறாரா, கேள்.

நீ கவனிக்காத சங்கதி ஒன்று உண்டு. பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீகுக்குள் வந்த ஆட்டக்காரன் ஆறு வருட சர்வீஸ் முடியும்வரை தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது. முதல் மூன்று வருடம் பெரும்பாலும் அணி கொடுப்பதுதான் சம்பளம். அதன் பிறகுதான் சம்பளத் தகராறு தீர்க்கும் நடுவர் முன்னால் பேரம் பேசும் உரிமை வரும். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். உன் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் மலைதான். ஆனால் பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் அந்த வருடம் மேஜர் லீகின் ஒரு பாதியான நேஷனல் லீகின் சிறந்த பிட்சர் (பந்து வீசுகிறவர்) என்று சை யங் விருது வாங்கினான். லீக் தரும் ஊக்கத்தொகை நீங்கலாக அவன் அணி அவனுக்குக் கொடுத்தது பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. அந்தத் தரத்து மூத்த பிட்சர்கள் வருடத்துக்கு மூன்று, நான்கு கோடி வாங்குகிறார்கள்.

நான் கணக்குப் புத்தகத்தோடு காலம் தள்ளினவள் என்பதால் ஆல்பர்ட் புஹோல்ஸ் கணக்கை விடவே முடியவில்லை. 2001-ல் செயின்ட் லூயிஸில் அவர் முதல் வருடச் சம்பளம் 2 லட்சம் டாலர். அங்கே 11 வருடத்தில் 445 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), வருடத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருது மூன்று, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸில் இரண்டு வெற்றி. மொத்தம் வாங்கியது சுமார் 10.4 கோடி. அப்புறம் ஏஞ்சல்ஸ் அணி 10 வருடத்துக்கு 24 கோடி கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 32 நெருங்கிவிட்டது. கால் கெட்டது, ஓட்டம் போயிற்று. அந்த அணியோடு பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) பார்த்தது 2014-ல் ஒரே முறை, அதிலும் மூன்று ஆட்டமும் தோல்வி. 2021 மே மாதம் அனுப்பிவிட்டார்கள். இன்றும் மோசமான ஒப்பந்தம் என்றால் முதலில் அவர் பெயரைத்தான் இழுப்பார்கள். தனியாகப் பார்த்தால் மோசம்தான். இரண்டு புத்தகத்தையும் சேர்த்து வைத்தால் தெரியும்: வேலை வாங்கியது ஒரு வீடு, கூலி கொடுத்தது இன்னொரு வீடு. ஏஞ்சல்ஸ் முதலாளி ஏமாந்தார் என்றால் அவருக்காக நான் அழ வேண்டுமா? கையெழுத்துப் போடச் சொல்லி யாரும் அவர் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

முன்பு ஆறு வருடம் என்ற கணக்குகூடக் கிடையாது, ஆயுள் முழுக்க ஒரே முதலாளிதான். கர்ட் ஃப்ளட் 12 சீசன் செயின்ட் லூயிஸுக்கு ஆடியவர். 1969-ல் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்ஃபியாவுக்குத் தள்ளிவிட்டார்கள். தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் தான் ஒரு சொத்து அல்ல என்று டிசம்பர் 24 அன்று பேஸ்பால் நிர்வாகத் தலைவரான கமிஷனருக்குக் கடிதம் எழுதினார். அப்போது வருடத்துக்கு 90,000 டாலர் வாங்கிக்கொண்டிருந்த, உச்சத்தில் இருந்த கறுப்பின ஆட்டக்காரர். 1970 முழுக்க ஆடவில்லை. 1971-ல் திரும்பி வந்து 13 ஆட்டத்தோடு நிறுத்திக்கொண்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்திலும் 5–3 என்று தோற்றார். 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் வேறு இரண்டு பிட்சர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்தப் பூட்டு உடைந்தது. அதில் ஃப்ளட்டுக்கு ஒரு காசு வரவில்லை. சோட்டோ கையெழுத்துப் போட்ட பேனாவில் அந்த மனிதர் இழந்த சம்பளமும் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

சும்மா உட்கார்ந்து வாங்குகிறவர்கள்? இருக்கிறார்கள். ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2019 வேர்ல்ட் சீரிஸின் எம்விபி. உடனே வாஷிங்டன் 7 வருடம், 24.5 கோடி என்று போட்டது. அதன் பிறகு அவரால் எட்டே ஆட்டம்தான் வீச முடிந்தது, உடம்பு ஒத்துழைக்கவில்லை. பால்டிமோரின் கிறிஸ் டேவிஸ் 16.1 கோடி வாங்கிக்கொண்டு 2018, 2019-ல் தொடர்ந்து 54 முறை ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து முதல் தளத்தையாவது சேர்வது) இல்லாமல் திரும்பினார். பார்க்கவே வயிற்றைப் பிசைந்தது. கான்சஸ் சிட்டி பிட்சர் கில் மெஷ் 2011-ல், தோள் போய்விட்டது, இனி வாங்கும் சம்பளம் எனக்குச் சேராது என்று 1.2 கோடியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மற்றவர்களும் அப்படிச் செய்யட்டும் என்று சொல்ல மாட்டேன். உடம்பை வைத்துப் பிழைக்கிறவனுக்கு, அது கெட்டாலும் காசு உண்டு என்ற உறுதிதான் நீண்ட ஒப்பந்தம்.

எங்கள் மெட்ஸின் பழைய ஆட்டக்காரர் பாபி போனியாவை மட்டும் கேலி செய்யாதே. 2000-ல் அவருக்குக் கொடுக்க வேண்டிய 59 லட்சத்தைத் தள்ளிப்போட்டு, 8 சதவீத வட்டியோடு 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1-ம் தேதியும் 11,93,248 டாலர் தர மெட்ஸே ஒப்புக்கொண்டது. இவ்வளவு நல்ல வட்டி யாராவது எனக்குக் கொடுத்திருந்தால் நானும் ரிடயர் ஆகியிருப்பேன்.

நீ கோபப்பட வேண்டிய இடம் கீழே இருக்கிறது. மேஜர் லீகுக்குக் கீழே ஆடும் மைனர் லீக் பையன்களுக்கு 2023-ல்தான் முதல் சங்க ஒப்பந்தம் வந்தது. அதன்படி அந்த வருடம் மேஜருக்கு ஒரு படி கீழே இருக்கும் டிரிபிள்-ஏ ஆட்டக்காரனுக்கே வருடத்துக்குக் குறைந்தபட்சம் 35,800 டாலர்தான். அதற்கு முன்னால் இருந்த கூலியைச் சொல்லவே வெட்கம். அப்புறம் மயாமியில் 2012-ல் திறந்த மைதானத்தின் பெரும் செலவு ஊர்ப் பணம். பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய காசு கைமாறும் வழி இதுதான், சோட்டோவின் பை இல்லை.

மாப்பிள்ளை உங்கள் சிகாகோ கப்ஸில் முன்பு ஆடிய ஜேசன் ஹேவர்டைப் பற்றி இன்னும் புலம்புகிறாராமே. 8 வருடம், 18.4 கோடி. 2016-ல் அவர் பேட்டிங் சராசரி வெறும் .230 (ஆயிரம் முறைக்கு 230 ஹிட்) என்பதெல்லாம் வாஸ்தவம். ஆனால் அந்த வருடம் கிளீவ்லாந்தில் வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம் 6–6 என்று நின்று, மழைக்காக 17 நிமிடம் நிறுத்தினபோது எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுத் தெம்பு சொன்னது அவர்தான். பத்தாவது இன்னிங்ஸில் 8–7 என்று கப்ஸ் ஜெயித்தது, 1908-க்குப் பிறகு முதல் கோப்பை. பேச்சுக்காக 18 கோடி கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும், ஆனால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றால் சம்மதமா என்று அவரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா