ரைன் கரையில் குடையோடு வந்த மேஜர்

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். லீவு நாளில் வாகெனிங்கனிலிருந்து ரைன் ஆற்றங்கரையோரமாகவே ரென்கம் வரைக்கும் சைக்கிளில் போய் வருகிறாய் என்று அம்மா சொன்னாள். அந்தக் கரையில் நடந்த ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். நெதர்லாந்து ஜெர்மானியர் பிடியில் இருந்தது. 1944 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ரென்கம் பக்கத்து வெளிகளில் பிரிட்டிஷ் பாராசூட் படை இறங்கியது. ரைன் மேல் இருக்கிற ஆர்னெம் நகரப் பாலத்தைப் பிடித்து, தெற்கிலிருந்து டாங்கிப் படை வந்து சேரும்வரை விடாமல் காக்க வேண்டும். இறங்கிய இடத்துக்கும் பாலத்துக்கும் நடுவே 10 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் ஜெர்மானியர்கள். கடைசியில் பாலத்தின் வடமுனைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள், கர்னல் ஜான் ஃப்ராஸ்ட் தலைமையில் சுமார் 740 பேர்தான். அவர்களுக்கு வழி திறந்து முன்னால் போனது 'ஏ' கம்பெனி. அதன் தலைவர் மேஜர் டிக்பி டேதம்-வார்ட்டர், வயது 27.

அவர் கையில் ஒரு குடை இருந்தது. சங்கேதச் சொற்கள் அவருக்கு மனதில் நிற்பதில்லையாம். குடை பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருகிற பைத்தியக்காரன் ஆங்கிலேயனைத் தவிர வேறு யாராக இருக்க முடியும், பார்த்ததுமே நம் ஆள் என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. ரேடியோவையும் அவர் நம்பவில்லை. நெப்போலியன் காலத்துப் படைகளைப் போல, பியூகிள் என்ற ஊதுகொம்பை ஊதி உத்தரவு கொடுக்கத் தன் ஆட்களை இங்கிலாந்திலேயே பழக்கி வைத்திருந்தார். ஆர்னெமில் ரேடியோக்கள் கைவிட்டபோது அந்தப் பியூகிள்தான் கைகொடுத்தது. கிறுக்குத்தனம் என்று ஊர் சொன்னதற்குள் எவ்வளவு முன்யோசனை இருந்திருக்கிறது பார்.

பாலத்தடியில் மோர்ட்டார் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நேரம். அடிபட்டவர்களைப் பார்க்கத் தெருவைத் தாண்ட வேண்டிய ஈகன் பாதிரியார் தயங்கி நின்றார். டிக்பி அவர் தலைக்கு மேல் குடையை விரித்து, "கவலைப்படாதீர்கள், குடை இருக்கிறது" என்று சொல்லி அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். திரும்பி வரும்போது ஒரு லெப்டினன்ட், இந்தக் குடை உங்களை எப்படிக் காப்பாற்றும் என்று கேட்டார். மழை வந்தால் என்ன செய்வாய் என்று டிக்பி திருப்பிக் கேட்டாராம். தண்ணீர் இல்லாமல், தோட்டா தீர்ந்துகொண்டிருந்த அந்தப் பையன்களுக்கு அந்த ஒரு பதில் எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும்! குடை முனையால் குத்தியே ஒரு கவச வண்டியை நிறுத்தினார் என்றும் சொல்வார்கள்.

டாங்கிப் படை வந்து சேரவில்லை. மூன்று நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள், பிறகு பாலம் கைநழுவிப் போனது. அவரை மனதில் வைத்து ஒரு சினிமாவில் உண்டாக்கிய பாத்திரம் அந்தச் சண்டையில் செத்துப்போகும். நிஜத்தில் டிக்பி காயத்தோடு பிடிபட்டார். ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக, கேப்டன் டோனி ஃப்ராங்குடன் தப்பிவிட்டார்.

இதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உனக்குப் பக்கத்து ஊரான ஏடேயில், டச்சுத் தலைமறைவு இயக்கத்தார் அவரை ஒளித்து வைத்தார்கள். பெயர் பீட்டர் யென்சன், ஹேக் நகர வக்கீலின் மகன், காது கேளாத, வாய் பேசாத பையன் என்று ஒரு போலி அடையாள அட்டை. அதைப் பையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் சைக்கிளில் சுற்றினார். பள்ளத்தில் சிக்கிய ஜெர்மன் அதிகாரிகளின் காரைத் தள்ளிவிடக்கூடக் கை கொடுத்திருக்கிறார்! வீடுகளிலும் காடுகளிலும் பதுங்கிக் கிடந்த வீரர்களைத் தேடித் தேடிப் பார்த்து, ஒன்றுசேர்த்தார். அக்டோபர் 22 இரவு ரென்கம் காட்டில் எல்லோரும் கூடினார்கள். ஆற்றங்கரைக்கு இருட்டில் நடை. நேச நாட்டுப் படைகள் இருந்த எதிர்க்கரையிலிருந்து வந்த படகுகளில் ஏறி 138 பேர் ரைனைத் தாண்டினார்கள். நீ சைக்கிள் ஓட்டுகிற அதே கரைதான், அம்மிணி.

டிக்பி அதன் பிறகு கென்யாவுக்குக் குடிபோய், 1993 வரை வாழ்ந்தார். அவருக்குப் பதக்கம் கிடைத்தது. வீட்டுக்குள் வைத்துச் சோறு போட்ட குடும்பங்களை நினைத்தால்தான் எனக்கு மனசு கலங்குகிறது. பிடிபட்டால் சிப்பாய் கைதியாவான், ஒளித்து வைத்தவனைச் சுட்டுவிடுவார்கள். தெரிந்தேதான் கதவைத் திறந்தார்கள். ஆர்னெம் ஜனங்கள் மொத்தப் பேரையும் ஜெர்மானியர்கள் ஊரைவிட்டே துரத்தினார்கள். அடுத்து வந்த குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள்.

ஆர்னெமுக்குப் பக்கத்து ஊரான ஓஸ்டர்பேக்கில், போரில் செத்த வீரர்களின் 1,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ள மயானம் இருக்கிறது. வருஷா வருஷம் செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லறையிலும் பூ வைக்கிறார்கள். 1945-ல் தொடங்கியது, இன்னும் நடக்கிறது. இந்த வருஷம் கட்டாயம் போய்ப் பார். ஆர்னெம் பாலத்துக்கு இப்போது ஃப்ராஸ்டின் பெயர். பழைய பாலம் குண்டுவீச்சில் போய்விட்டது, நீ பார்ப்பது பிறகு கட்டியது.

உன் வீட்டுக்கார அம்மா ஏடே பக்கத்துக்காரர் என்றாயே. அந்த நாட்களைப் பற்றி அவர் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று கேள். அவர் சொல்வதை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா