விடையைத் திருத்துங்கள்: கர்தினால் ஷூஸ்டர் பற்றி ஒரு திறந்த மடல்

மறைக்கல்வி வினாடி வினா நூலின் தொகுப்புக் குழுவினருக்கு, இயேசுவுக்கே புகழ்!

அருளாளர் இல்டெஃபோன்சோ ஷூஸ்டர் பற்றிய கேள்வி எது என்று உங்களுக்கே தெரியும். மறுபதிப்பு வந்தும் விடை மாறவில்லை. 'முதலில் பெற்றது ஆயர்பட்டமா, கர்தினால் பதவியா?' என்று கேட்டு, ஆயர்பட்டம் என்று போட்டிருக்கிறீர்கள். ஆயர்பட்டம் என்பது ஆயராகத் திருநிலைப்படுத்தும் சடங்கு, வெறும் நியமனம் அன்று. கர்தினால் பதவியோ திருத்தந்தை தம் ஆலோசகருக்குத் தருவது. 1929 ஜூன் 26இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரை மிலான் பேராயராக நியமித்தார். ஜூலை 15இல் கர்தினால் ஆக்கினார். ஆயர்பட்டம் கிடைத்தது ஜூலை 21இல், சிஸ்டைன் சிற்றாலயத்தில், திருத்தந்தையின் கையால். ஆறு நாள் அவர் ஆயர்பட்டம் இல்லாத கர்தினால்!

பிழை எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. கர்தினால் ஆகிறவர் ஆயராகவும் இருக்க வேண்டும் என்று 1962இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் விதித்ததை 1929க்கும் பொருத்திவிட்டீர்கள். இன்னொன்று, 1918இல் அவர் ரோமில் புனித பவுல் பெருங்கோவில் மடத்தின் தலைவரானதை 'ஆயரானார்' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அவர் சார்ந்த ஆசீர்வாதப்பர் (பெனடிக்டின்) சபை மடத்தலைவருக்கும் ஆயர் தொப்பி, செங்கோல், மோதிரம், மார்புச் சிலுவை எல்லாம் உண்டு. படத்தைப் பார்த்தால் யாரும் ஏமாறுவார்கள். ஆனால் மடத்தலைவரை மடத்துத் துறவிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குத் தரப்படுவது ஆசி, ஆயர்பட்டம் அன்று.

இதில் அடிபடுவது யார்? தேதிகளைத் தேடிப் படித்து 'கர்தினால் பதவி' என்று எழுதிய பிள்ளை. அடுத்த சுற்றுக்கு ஆள் தேர்வாவது அந்த ஒரு மதிப்பெண்ணில். நடுவர் உங்கள் நூலைத்தான் திறக்கிறார். பிள்ளையின் விடைமேல் சிவப்புக் கோடு விழுகிறது. பங்குத்தந்தை சொன்னாலும் 'நூலில் இப்படித்தான் இருக்கிறது' என்பதே பதில். விடையைத் திருத்துங்கள்.

அட்டைக்கு நான்கு வண்ணம், வழுவழுப்பான தாள், வாழ்த்துரை மட்டும் ஆறு பக்கம். மெய்ப்புப் பார்க்க ஒருவர் கிடைக்கவில்லையா? 1945 ஏப்ரல் 25 அன்று ஷூஸ்டரின் மாளிகையில் முசோலினி சரணடைந்தார் என்றும் ஒரு வரி. சரணடைவது பற்றிப் பேச்சு நடந்தது, முசோலினி எழுந்து போனவர் திரும்பவே இல்லை. பிறகெப்படிச் சரணடைவார்?

கோபம் சற்று மீறிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கையகலத்தில் ஒரு பிழைதிருத்தச் சீட்டு அச்சிட்டு, பங்குகளுக்கு அனுப்புங்கள். இந்த ஆண்டு விடைத்தாள்களில் அந்த ஒரு மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க நடுவர்களுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள், தயவுசெய்து.