மனசு இருக்கிறது ஐயா, கூரைதான் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழுக்கு எங்கள் வீட்டில் ஆண்டுச் சந்தா கட்டத் தொடங்கியவர் என் தாத்தா. அவர் போன பிறகும் அப்பா அதை நிறுத்தவில்லை. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற இதழில் மாணவர்களுக்கென்று ஒரு சுற்றுச்சூழல் கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரைதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றாவது பத்தியில் கட்டுரையாளர், சைக்கிள் மிதிக்கக் காசு வேண்டாம், மனசு இருந்தால் போதும், இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அது ஒன்றுதான் இல்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அதை நான் படித்தது கல்லூரியிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மிதித்து வந்து, செயின் கழன்று மாட்டிய கையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தபோது. அந்தப் பத்தியின் மேல் என் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருக்கிறது. அத்தாட்சி வேண்டுமென்றால் கிழித்து அனுப்புகிறேன்.

எங்கள் வீடு ஊமச்சிகுளம் பக்கம். கல்லூரி மதுரைக்குள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள், பன்னிரண்டு முடிந்ததும் மாட்டுக் கொட்டகையில் சாத்திக் கிடந்தது. இரண்டாயிரத்துக்குத் தருவீர்களா என்று கேட்டு ஆள் வந்தது. அம்மா கொடுக்கவில்லை. கல்லூரி முதலாண்டு முடிவில் டாக்டரம்மா எனக்கு பி.சி.ஓ.டி., அதாவது சினைப்பையில் நீர்க்கட்டி, என்று சொல்லி, மாத்திரை இருக்கட்டும், முதலில் உடம்பை அசை என்றார். ஜிம்முக்கு மாதாமாதம் கட்ட வழியில்லை. கொட்டகையில் இருந்ததை வெளியே எடுத்தோம். இரண்டு டயர், இரண்டு டியூப், பிரேக் கட்டை, கிரீஸ், கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய். காசு வேண்டாமாம்!

“ஸ்கூல்ல விளையாடவே மாட்டியா?” என்று டாக்டரம்மா கேட்டார். என்ன சொல்ல? எங்களுக்கு பி.டி. பீரியட் இருந்தது, டைம்டேபிளில். ஆறாம் வகுப்பிலிருந்து அதைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கினார், இன்றுவரை திருப்பித் தரவில்லை. பத்தாம் வகுப்பில் கேட்கவே வேண்டாம். தப்பித்தவறி மைதானத்துக்கு விட்டால் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், நாங்கள் ஓரமாக உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதுவோம். பன்னிரண்டு வருடம் உட்கார வைத்துவிட்டு, இப்போது பிள்ளைகள் அசைய மாட்டேன் என்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒருவர் எழுதுகிறார். தாங்கள் அறியாததா?

அம்மா ஏன் சைக்கிளை விற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் புதுக்கோட்டைக்காரர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது தங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் எழுதி வைத்த வரலாறு. லேடீஸ் சைக்கிள் போதவில்லை, அம்மாவும் பெரியம்மாவும் பார் வைத்த சைக்கிளில்தான் பழகினார்கள். முழங்கால் தழும்பை அம்மா இன்றும் காட்டுவார். அப்படிப்பட்டவரிடம், காலேஜ் போகிற பெண்ணுக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கித் தரக்கூடாதா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்கள் அத்தையே கேட்கிறார். முப்பது வருடத்துக்கு முன் சைக்கிள் ஏறினால் திமிர். இப்போது ஏறினால் வசதியில்லை. நடுவில் எந்த வருடம் அது சரியாக இருந்தது என்று தெரியவில்லை.

அப்புறம் ரோடு. நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளத்துக்குப் பறக்கும் பாலம் கட்டி 2023 ஏப்ரலில் திறந்தார்கள். மேலே போகிறவர்களுக்கு நல்ல வசதி, குறை சொல்லவில்லை. நான் கீழே போகிறேன். அவ்வளவு நீளத்தில் சைக்கிளுக்கென்று ஒரு முழம் கோடு கிழிக்கவில்லை, மேலேயும் சரி, கீழேயும் சரி. சாலையின் இடது ஓரம்தான் எங்களுடையது என்பார்கள். அந்த ஓரத்தில் மணல் இருக்கும், நிறுத்திய ஆட்டோ இருக்கும், இளநீர் வண்டி இருக்கும், எதிர்த்திசையில் வருகிற பைக்கும் இருக்கும். பாலத்திலிருந்து இறங்குகிற வண்டிகள் வந்து சேருகிற இடத்தை ஒருநாள் சைக்கிளில் தாண்டிப் பாருங்கள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் இடையில் கிடைக்கிற இடைவெளியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். மனசு மட்டும் இருந்தால் போதாது ஐயா, கழுத்தும் சுழல வேண்டும்.

கல்லூரிக்குள் நுழைந்தால் கார்களுக்கு காங்கிரீட் கூரை, பைக்குகளுக்குத் தகரக் கூரை, சைக்கிள்களுக்கு வேப்பமரம் என்று இருந்தது. ஜெனரேட்டர் வைக்க இடம் போதாமல் மரத்தை வெட்டிவிட்டார்கள். இப்போது சுவரோரம் வெயிலில் நிற்கிறது. மதியச் சூட்டில் டியூபில் போட்ட பஞ்சர் ஒட்டு விட்டுப்போகும். மாலையில் தள்ளிக்கொண்டே வந்த நாட்கள் நான்கு. கூரை கேட்டுக் கடிதம் கொடுத்தேன். “மொத்தமே ஏழு சைக்கிள்தானம்மா நிக்குது” என்றார்கள். கூரை இல்லாததால்தானே ஏழு என்று கேட்க வாய் வரை வந்தது.

ஒரே ஒரு வாரம் மட்டும் எங்களுக்கு மரியாதை கிடைத்தது. கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் (NAAC) குழு வந்த வாரம். வளாகத்தில் சைக்கிள் பயன்பாடு, பிளாஸ்டிக் தடை, நடப்பதற்குப் பாதை இதற்கெல்லாம் அவர்கள் மதிப்பீட்டில் இடம் உண்டு என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். குழு வருவதற்கு முந்தின நாளே எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டு, சைக்கிளைத் துடைத்து எடுத்து வரச் சொல்லி, வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார்கள். பின்னால் ‘பசுமை வளாகம்’ என்று ஒரு பெரிய பதாகை. ஃபிளெக்ஸில் அடித்தது. குழு போனதும் சைக்கிள்கள் சுவரோரம் திரும்பின, பதாகை கேன்டீனுக்குப் பின்னால் விறகு மூடப் போய்விட்டது.

பிளாஸ்டிக் பற்றியும் கட்டுரையாளர் வகுப்பெடுத்திருக்கிறார். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. சரி. நான் ஓட்டலுக்கு டிபன் பாக்ஸ் கொண்டு போகிறேன். பார்சல் கட்டுகிற அண்ணன் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு கவரைக் கிழித்து, ஊதிப் பிரித்து, சாம்பாரை ஊற்றி, நூலைச் சுற்றி முறுக்கிக் கட்டி, அந்தப் பொட்டலத்தைத் தூக்கி என் பாக்ஸுக்குள் வைத்து மூடி, சிரித்தபடி கொடுக்கிறார். “நேரா பாக்ஸ்லயே ஊத்துங்கண்ணே” என்றால், “அளவு கவர்லதாம்மா இருக்கு” என்கிறார். அவர் மேல் கோபமில்லை. முதலாளி அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறார்.

தாத்தா இருந்திருந்தால் சிரித்திருப்பார். கல்யாண வீட்டில் வாங்கிய மஞ்சப்பையை நாலு வருடம் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தியவர். அந்தப் பையோடு டவுன் கடைக்குள் போனால் ‘பட்டிக்காட்டான்’ என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். மஞ்சப்பை என்பதே ஒரு வசவாக இருந்த காலம் அது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியது. பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற இயந்திரம்கூட வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் மீண்டும் என்ன மீண்டும்? அவர் எங்கே விட்டார்?

ஒரு கணக்கோடு முடிக்கிறேன். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் 450 நிமிடம் மிதிக்கிறேன், அதில் பாதி பயத்தில். உடம்புக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். மாடிப்படி ஏறினால் முன்பு போல மூச்சு வாங்குவதில்லை. பூமிக்கு? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு. நான் ஸ்கூட்டியில் போய் வந்திருந்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 900 கிராம். ஆனால் நான் அதற்கு முன் போனது டவுன் பஸ்ஸில். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் கட்டணமில்லை. நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த பஸ் ஓடும். ஆக, நான் மிச்சம் பிடித்தது பூஜ்யம். பெட்ரோலைத் தொட்டே பார்க்காதவளுக்கு வாராவாரம் அறிவுரை வருகிறது. ஆளுக்கொரு காரில் ஒற்றை ஆளாக வந்து இறங்குகிறவர்களுக்கு மனசு இல்லை என்று தங்கள் இதழில் ஒரு வரி வந்ததாக எனக்கு நினைவில்லை. ஒருவேளை அந்த இதழ் தபாலில் தவறியிருக்கலாம்.

கூரை, ரோடு எல்லாம் தங்களால் ஆகக்கூடியதல்ல, தெரியும். தங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. அந்தக் கட்டுரை வந்த இதழ் எங்கள் வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தது. அதற்கு முந்தையதும் அப்படித்தான். உறைகளை எறிய மனமில்லாமல் அடுக்கி வைத்திருக்கிறேன், 31 சேர்ந்துவிட்டது. தாத்தா காலத்தில் ஒரு தாள் பட்டை சுற்றி வரும். அதைக் கிழியாமல் உருவி, பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவார். அடுத்த இதழை அப்படியே அனுப்புங்கள். மழையில் நனைந்தால் காய வைத்துப் படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இரண்டாமாண்டு கல்லூரி மாணவி,
ஊமச்சிகுளம், மதுரை.