கையில் இல்லாத பாஸ்போர்ட்டைக் கேட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள்: மலேசியத் தடுப்பூசித் திட்டப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

2021 ஜூலை 23

தேசிய கோவிட்-19 தடுப்பூசித் திட்டத்தை நடத்தும் மாண்புமிகு அமைச்சர்களுக்கும், உள்துறை அமைச்சுக்கும், குடிநுழைவுத் துறைக்கும்,

வணக்கம்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். 11 வருடமாகச் சிலாங்கூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் இருக்கிறேன். வேலை பெர்மிட் இருக்கிறது. போன மாதம் முதல் ஊசியும் போட்டாயிற்று. ஒரு காசு வாங்காமல் போட்டீர்கள், அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். இந்த மடலை எனக்காக எழுதவில்லை. எங்கள் கடையில் ரொட்டி சானாய், அதாவது இந்த ஊர்ப் பரோட்டா, போடும் அண்ணனுக்காக எழுதுகிறேன். அவர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருக்கிறார். இன்றைக்குப் பத்தாவது நாள்.

ஜூலை 2ஆம் தேதி வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி உங்கள் மைசெஜாத்ரா கோவிட் செயலியே அவரை அழைத்திருந்தது. போனார். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவருக்கு 57 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. இந்த நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் இலவசமாக ஊசி போடுவோம் என்று பிப்ரவரி 11ஆம் தேதி அறிவித்தீர்களே, அந்தச் செய்தியை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். மாவுக் கையோடு வந்து நின்று, "நமக்குமா தம்பி?" என்று இரண்டு தரம் கேட்டார். அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போட்டு அண்ணியிடம் சொன்னார். ஊசிக்குப் பதிவு தொடங்கியதும் அவருடைய போனை வாங்கி நானே பதிந்து கொடுத்தேன். நீரிழிவு என்ற கட்டத்தில் மறக்காமல் குறியிட்டேன். ஏப்ரல் 19இல் முதியவர்களுக்கும் நோய் உள்ளவர்களுக்கும் இரண்டாம் கட்டம் தொடங்கியதிலிருந்து, காலையில் கல்லைப் பற்றவைக்கும் முன்னால் செயலியைத் திறந்து பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. ஜூன் கடைசியில்தான் தேதி வந்தது.

அவருடைய மைசெஜாத்ரா கணக்கு 2020இல் திறந்தது. அதில் இருப்பது பழைய பாஸ்போர்ட் எண். இந்த மே மாதம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தார். இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண்ணே மாறிவிடும். புதுப் பாஸ்போர்ட் அவர் கையில் இருந்தது ஒரு மத்தியான நேரம்தான். சாயங்காலமே முதலாளியிடம் போய், அங்கிருந்து பெர்மிட் அடிக்க ஏஜென்டிடம் போய்விட்டது. பழையதும் அதோடு சேர்ந்து போனது. அண்ணனிடம் மிச்சம் இருந்தது இரண்டின் நகலும்தான். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

வழியில் இரண்டு சாலைத் தடுப்புகள். இரண்டு இடத்திலும் போலீஸார் போனில் தேதியைப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். மையத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். முகப்பில் இருந்த பெண்ணுக்கு 20 வயது இருக்கும், தொண்டூழியர். எண் ஒத்துவரவில்லை என்றார். நகலைக் காட்டினோம். அசல் வேண்டும் என்றார். அசல் ஏஜென்டிடம் இருக்கிறது, முதலாளிக்குப் போன் போட்டுத் தருகிறேன், பேசிப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். அவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தார். "மாஆப், ஆனே" என்றார். மன்னியுங்கள் அண்ணே என்று அர்த்தம். நம்முடைய அண்ணேதான் அவர்கள் வாயில் ஆனே. அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்ட விதி அப்படி. அந்த விதியை எழுதியவர்களிடம்தான் பேச வந்திருக்கிறேன்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. நகல்களை மறுபடி உறைக்குள் போட்டு, ஓரத்தை மடித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்டார். "பாஸ்போர்ட் வந்ததும் வருவோம்" என்றார். அவ்வளவுதான்.

பாஸ்போர்ட் வரவில்லை. ஜூலை 11இல் காய்ச்சல் வந்தது. 14ஆம் தேதி மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது கடை மாடியிலிருந்து அவரை நாற்காலியில் வைத்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் இடமில்லாத இந்த நேரத்திலும் அவருக்கு ஒரு கட்டில் கொடுத்து, இரவும் பகலும் பார்த்துக்கொள்கிற டாக்டர்களையும் தாதியரையும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் ஜூலை 2இல் ஒரு ஊசியைப் போட்டிருந்தால் அந்தக் கட்டில் இன்னொருவருக்குக் கிடைத்திருக்கலாமே என்ற நினைப்பு என்னை விடமாட்டேன் என்கிறது. ஒரு ஊசி முழுதாகக் காப்பாற்றாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், அந்த ஒன்றையாவது ஏன் போடவில்லை?

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. அந்நியத் தொழிலாளர்களில் எத்தனையோ பேருடைய பாஸ்போர்ட் அவர்கள் கையில் இல்லை. ஒருவருடைய பாஸ்போர்ட்டை இன்னொருவர் வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படியே குற்றம். சட்டம் உங்களுடையது. அதை மீறுகிறவர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் தண்டனை எங்களுக்குத்தான் வருகிறது. எங்கள் முதலாளி கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அண்ணனுடைய சர்க்கரை மாத்திரைக்குப் பல மாதம் காசு கொடுத்தவர். அவரைக் கேட்டால், "பெர்மிட் அடிக்கப் பாஸ்போர்ட் வேண்டாமா?" என்பார். ஏஜென்டைக் கேட்டால், முடக்கத்தில் ஆபீஸ் வேலை நகரவில்லை என்பார். நடுவில் நிற்கிற ஆளுக்கு எங்கும் பதில் இல்லை.

அதனால் என் கோரிக்கை இதுதான். ஊசி போட வருகிறவரிடம் அசல் பாஸ்போர்ட்டைக் கட்டாயம் கேட்காதீர்கள். நகல் போதும், பழைய எண் போதும், முதலாளி கொடுக்கும் கடிதம் போதும், அதுவும் இல்லாவிட்டால் பெயரும் பிறந்த தேதியும் போதும் என்று ஆக்குங்கள். போட்ட ஊசிக்கு ஒரு எண் கொடுத்துச் சின்ன அட்டையில் எழுதித் தந்துவிடுங்கள். இரண்டாம் ஊசிக்கு அந்த அட்டையைக் கொண்டு வருகிறோம், உயிரைப் போலப் பத்திரமாக வைத்திருப்போம். அப்புறம், பெர்மிட் இல்லாதவராக இருந்தாலும் ஊசி போட வந்த இடத்தில் பிடிக்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள்.

எழுத்தில் என்று ஏன் கேட்கிறேன் என்றால், வாயால் சொன்னதை நாங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். 2020 மார்ச்சில், ஆவணம் இல்லாதவர்களும் பயப்படாமல் பரிசோதனைக்கு வரலாம், நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று அரசாங்கம் சொன்னது. ஏப்ரலில் கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரண்டு அடுக்குமாடிகளையும் முள்கம்பி போட்டு அடைத்தீர்கள். உள்ளே இருந்தவர்களில் நம் ஊர் ஆட்கள் எத்தனை பேர் என்று அந்தத் தெருவில் நடந்து போன யாருக்கும் தெரியும். எல்லாரையும் சோதித்தீர்கள், நல்லது. அப்புறம் மே 1ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, அந்தப் பகுதியில் வந்து 500க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றினீர்கள். என் ஊர்க்காரப் பையன் ஒருவன் அங்கே துணிக்கடையில் இருந்தான். பெர்மிட் இருந்ததால் அவனை விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அவன் மைசெஜாத்ராவில் ஊசிக்குப் பதியவில்லை. "பேர் கொடுத்தால் இடம் தெரிந்துவிடும்" என்கிறான். பெர்மிட் உள்ளவனுக்கே இந்தப் பயம் என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள்.

இந்த வருடமும் அதுவே நடந்தது. ஆவணம் இல்லாதவர்களும் ஊசிக்கு வரலாம், பிடிக்கமாட்டோம் என்று தடுப்பூசித் திட்டத்தின் பக்கமிருந்து சொன்னார்கள். நம்பினோம். ஜூன் 1இல் முழு முடக்கம் வந்த சமயத்தில், ஆவணம் இல்லாதவர்களைத் தேடிப் பிடிப்போம் என்றது உள்துறை அமைச்சு. அதே ஜூன் தொடக்கத்தில் சைபர்ஜெயா பக்கம் ஒரு கட்டுமானத் தளத்தில் 156 பேரைப் பிடித்தார்கள். பிடித்தவர்களை நிறுத்தி வைத்துக் கிருமிநாசினி அடித்த வீடியோ எல்லார் போனிலும் வந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். ஒரு அமைச்சு வா என்கிறது, இன்னொரு அமைச்சு பிடிப்பேன் என்கிறது. நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?

ஒரு ஆள் சட்டவிரோதமாக ஆவது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெர்மிட்டைத் தொழிலாளி தானாகப் புதுப்பிக்க முடியாது, முதலாளிதான் செய்ய வேண்டும். சேவைத் துறையில் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 1,850 வெள்ளி (ரிங்கிட்) லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ள முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் வரி. கடை முடங்கி, உட்கார்ந்து சாப்பிட அனுமதி இல்லாமல், கட்டிக் கொடுக்கிற வியாபாரம் மட்டும் நடக்கும் இந்த நாளில் பல முதலாளிகளால் அதைக் கட்ட முடியவில்லை. சில பேர் கட்ட நினைக்கவே இல்லை. தேதி முடிகிற அன்று ராத்திரி தூங்கப் போகும்போது சட்டப்படி இருந்தவர் காலையில் எழும்போது கள்ளக்குடியேறி. அவர் செய்த தப்பு என்ன? அன்றைக்கும் ஐந்து மணிக்கு எழுந்து மாவுதான் பிசைந்திருப்பார்.

ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். ஏப்ரல் 28 முதல் இந்தியாவிலிருந்து வரும் பயணிகளுக்கு இங்கே கதவு அடைத்தாயிற்று. போனால் திரும்ப முடியாது. அண்ணனுக்கு ஊரில் வீட்டுக் கடன் பாதி பாக்கி.

பெர்மிட்டுக்காக எங்கள் ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்து, நெஞ்சை எக்ஸ்ரே பிடித்து, உடம்பில் நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எங்களை வேலைக்கு வைத்தீர்கள். எங்கள் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அன்றைக்கு இருந்ததே, அதே அக்கறையை இன்றைக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போன மாதக் கடைசியில், சாப்பாட்டுக்கு வழி இல்லாத வீடுகளில் வெள்ளைக்கொடி கட்டச் சொன்னார்கள் இந்த நாட்டு மக்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கொங்சியில் (தொழிலாளர் தங்கும் கொட்டகை) வேலை நின்றுபோன கட்டுமானத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொடி கட்டவில்லை. கட்டினால் அரிசி வருமா, லாரி வருமா என்று தெரியவில்லை. கொடி இல்லாமலே விஷயம் தெரிந்து, பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஒருவர் ஒரு மூட்டை அரிசியும் முட்டையும் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். யாரிடமும் பாஸ்போர்ட் கேட்கவில்லை. இந்த மக்களை எனக்குப் பிடிக்கும். 11 வருடம் இங்கே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கோபத்தில் எங்காவது வரம்பு மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலை எவ்வளவு பெரியது என்று தெரியாமல் பேசவில்லை. இந்த மாதம் 13ஆம் தேதி ஒரே நாளில் 11,079 பேருக்குத் தொற்று. ஆகஸ்ட் 1க்குள் கோலாலம்பூரும் சிலாங்கூரும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரு ஊசியாவது போட்டுவிட வேண்டும் என்று 16ஆம் தேதியிலிருந்து ராப்பகலாகப் பாடுபடுகிறீர்கள். அந்த 'எல்லாரிலும்' நாங்கள் உண்டா என்றுதான் தெரியவில்லை. ஒரு அறையில் ஒன்பது பேர் படுக்கிறோம். அண்ணனுக்கு வந்தது எங்கள் அறையில் இன்னும் மூன்று பேருக்கு வந்தது. அதே கைகள்தான் இந்த ஊருக்கு ரொட்டி போடுகின்றன, தேநீர் ஆற்றுகின்றன, மேசை துடைக்கின்றன. எங்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் காப்பாற்றிக்கொள்ள இந்த நோய் விடாது.

எனவே மறுபடியும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அசல் பாஸ்போர்ட் இல்லை என்று யாரையும் முகப்பிலிருந்து திருப்பி அனுப்பாதீர்கள். ஊசி போட வருகிறவரைப் பிடிக்கமாட்டோம் என்று உள்துறை அமைச்சும் குடிநுழைவுத் துறையும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, மலாயிலும் தமிழிலும் வங்காளத்திலும் நேப்பாளியிலும் பர்மிய மொழியிலும் அச்சடித்து, ஒவ்வொரு மையத்தின் வாசலிலும் ஒட்டுங்கள்.

எங்கள் அறையில் தொற்று வராத ஐந்து பேரில் நான்கு பேர் இன்னும் ஊசி போடவில்லை. அதில் இரண்டு பேருக்குப் பெர்மிட் முடிந்துவிட்டது. அண்ணனுடைய நகல்கள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸில் ஏறினார், அது கல்லாப்பெட்டியில் இருக்கிறது. எந்த மையத்துக்கு, எந்தக் கிழமை வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். தனிமைப்படுத்தல் முடிந்த மறுநாளே, கடை திறக்கும் முன்னால், நால்வரையும் நானே கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
சிலாங்கூரிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடைத் தொழிலாளி