ஒரே குடும்பம் என்று சொல்வதற்கு முன்

காட்பாடி

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. உன் தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சங்கம் தொடங்கப்போவதாக நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள் என்றும், அவர்களை அழைத்துப் பேசும் பொறுப்பு உன்னிடம் விடப்பட்டிருக்கிறது என்றும், "நாம் எல்லோரும் ஒரே குடும்பம், நடுவில் சங்கம் எதற்கு" என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு உன் மேலதிகாரி கூறினார் என்றும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் பேசி முடிக்கக்கூடிய செய்தி அல்ல என்பதால் எழுதுகிறேன். கல்லூரியில் தொழில் உறவுகள் பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்தியவள் என்ற முறையிலும், பேரணாம்பட்டில் பீடி சுற்றிய ஒரு பெண்ணின் மகள் என்ற முறையிலும் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அந்த வாக்கியத்தை நீ அவர்களிடம் சொல்லக்கூடாது.

உன் மேலதிகாரி சொன்னது அவருடைய சொந்தக் கருத்து என்று அவர் நினைக்கலாம். ஆனால் அதற்கு ஒரு கோட்பாட்டின் வரலாறு இருக்கிறது. 1966இல் பிரிட்டனில் தொழிற்சங்கங்களைப் பற்றி ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்துக்காக ஆலன் ஃபாக்ஸ் என்ற சமூகவியலாளர் ஓர் ஆய்வுரை எழுதினார். நிர்வாகிகள் தங்கள் நிறுவனத்தை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள் என்றார் அவர். ஒரே தலைமை, ஒரே நோக்கம், ஒரே நலன் கொண்ட அணியாகப் பார்ப்பது ஒருமைநோக்கு. அந்தப் பார்வையில் கருத்து வேறுபாடு என்பது யாரோ தூண்டிவிட்டதாகவோ, தவறான புரிதலால் வந்ததாகவோதான் தெரியும். சங்கம் அழையாமல் நுழைந்த அந்நியனாகத் தெரியும். மாறாக, தனித்தனி நலன்கள் கொண்ட பல குழுக்கள் சேர்ந்து இயங்கும் இடமாக நிறுவனத்தைப் பார்ப்பது பன்மைநோக்கு. கூலி ஒருவருக்கு வருமானம், மற்றவருக்குச் செலவு என்ற நிலையில் மோதல் எழுவது இயல்பு என்றும், அதைப் பேசித் தீர்க்க ஒழுங்கான வழி வேண்டும் என்றும் அது ஏற்றுக்கொள்கிறது. ஃபாக்ஸ் அதோடும் நின்றுவிடவில்லை. 1974இல் தம் பழைய நிலைப்பாட்டையே கேள்விக்கு உட்படுத்தி, இரு தரப்பும் சமபலத்தோடு மேசையில் அமர்வதாகப் பன்மைநோக்கு கற்பனை செய்கிறது, உண்மையில் ஆலையின் அமைப்பையும் உடைமையையும் பற்றிய பெரிய முடிவுகள் அந்த மேசைக்கு வருவதே இல்லை என்று எழுதினார். தாம் கட்டிய கருத்தைத் தாமே உடைத்துப் பார்க்கும் நேர்மை படிப்பாளிகளிடம் அரிது என்பதால் அவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

குடும்பம் என்றே வைத்துக்கொண்டாலும், 1918இல் அகமதாபாத்தில் நடந்ததை நினைத்துப் பார். ஆலை முதலாளிகளின் பக்கம் அம்பாலால் சாராபாய். நெசவாளர்களின் பக்கம் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா சாராபாய். காந்தியடிகள் தொழிலாளர்களுக்கு வழிகாட்டினார். முதலாளிகள் 20 விழுக்காடு உயர்வு தருவதாகச் சொல்ல, தொழிலாளர்கள் 35 விழுக்காடு கேட்டார்கள். முடிவில் நடுவர் தீர்ப்பு 35 விழுக்காட்டைத் தந்தது. அக்கா தம்பி உறவு அதனால் அறுந்துவிடவில்லை. முதலாளி தம் செல்வத்துக்கு அறங்காவலராக இருக்க வேண்டும் என்ற காந்தியடிகளே, தொழிலாளர்களுக்குச் சங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தொழில் உறவுகள் பற்றி அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் டன்லப் 1958இல் வகுத்த அமைப்புக் கோட்பாட்டை நீ படித்திருப்பாய். நிர்வாகம், தொழிலாளர், அரசு என்ற மூன்று தரப்பினர், தொழில்நுட்பம், சந்தை, அதிகாரப் பகிர்வு ஆகிய சூழல்களுக்குள் நின்று விதிகளை உருவாக்குகிறார்கள் என்பது அதன் சாரம். வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்ட வசதியானது. ஆனால் அதை வரையும்போதெல்லாம் என் நினைவு பேரணாம்பட்டுக்குப் போய்விடும். முறத்தை மடியில் வைத்து வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிய உன் ஆயாவுக்கு நிர்வாகம் யார்? இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை எண்ணி வாங்கிப் போன இடைத்தரகரா, பீடிக்கட்டின் உறையில் தன் பெயரை அச்சிட்டு விற்ற கம்பெனியா? கேட்டால் கம்பெனி தரகரைக் காட்டும், தரகர் கம்பெனியைக் காட்டுவார். மூன்று தரப்பில் ஒரு தரப்பே ஒளிந்துகொண்டால் கோட்பாடு என்ன செய்யும்?

அந்த ஒளிவிடத்தைச் சட்டம் மெல்ல மெல்லத்தான் திறந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவர்களையும் தொழிலாளர் என்று ஏற்றது. அந்தச் சட்டத்தை எதிர்த்து உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1974இல் அது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பிறகு வருங்கால வைப்பு நிதி இவர்களுக்குப் பொருந்துமா என்று வழக்கு வந்தது. வீட்டில் உட்கார்ந்து தன் விருப்பப்படி சுற்றுபவரை யாரும் மேற்பார்வை செய்வதில்லையே, அவர் எப்படித் தொழிலாளர் ஆவார் என்பது கம்பெனிகளின் வாதம். 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்ன விடையை நான் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வேன்: சுற்றிய பீடியைச் சரியில்லை என்று கழிக்கும் உரிமை கம்பெனியிடம் இருக்கிறதே, அந்த உரிமையே போதுமான மேற்பார்வைதான். உன் ஆயா நாளெல்லாம் சுற்றியதில் ஒரு பகுதியைத் தரகர் கழித்துவிட்டுக் கூலியைக் குறைத்துக் கொடுப்பார். கழித்த பீடியைத் திருப்பியும் தரமாட்டார். கூலியைப் பறித்த அந்தக் கழிவே, அவர் தொழிலாளர்தான் என்பதற்குச் சான்றாக நீதிமன்றத்தில் நின்றது. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் வேலூரிலும் பீடி சுற்றிய பெண்களுக்கு அந்தத் தீர்ப்பின் பொருள், முதுமையில் கையில் கொஞ்சம் பணம். கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறதோ பொறுப்பும் அவரிடமே இருக்கிறது என்பதை நீ இதிலிருந்து எடுத்துக்கொள். உன் ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி யோசிக்கும்போது இது உதவும்.

"வெளியாட்கள் வந்து கெடுக்கிறார்கள்" என்றும் அங்கே பேச்சு இருப்பதாக எழுதியிருந்தாய். இதே பேச்சு பெரம்பூரில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டது. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்ற பி.பி. வாடியா பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர். செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர், திரு.வி.க. தமிழாசிரியராகவும் பத்திரிகையாளராகவும் இருந்தவர். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளி தானே முன்வந்து பேசினால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது என்பதால்தான், ஆலையில் இழப்பதற்கு வேலையே இல்லாதவர்கள் அவனுக்காகப் பேசினார்கள். 1920ஆம் ஆண்டுத் தகராறின்போது அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் சங்கத் தலைவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளர்களைத் தூண்டக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடையாணை விதித்தது. சமரசத்தின் பகுதியாக வாடியா சங்கத்திலிருந்து விலக நேர்ந்தது. சங்கம் நடத்துவதே சட்டப்படி ஆபத்தானது என்பது அப்போதுதான் நாட்டுக்கு உறைத்தது. 1921இல் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி, சங்கங்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று மத்திய சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்து, பதிவு பெற்ற சங்கங்களின் நிர்வாகிகளை இத்தகைய வழக்குகளிலிருந்து காத்தது. பெரம்பூரில் தோற்றவர்கள் பெற்றுத்தந்த சட்டம் அது. வெளியாட்கள் நிர்வாகிகளாக இருப்பதையும் அச்சட்டம் ஓர் அளவுக்கு அனுமதித்தது. 2001இல் அந்த அளவு குறைக்கப்பட்டது.

அந்த வரலாற்றின் இன்னொரு பக்கத்தையும் நான் மறைக்கமாட்டேன். 1921இல் அதே ஆலைகளில் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தில் சாதி இந்துத் தொழிலாளர்களும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் இரு பக்கமாகப் பிரிந்தார்கள். ஆதிதிராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, வேலைநிறுத்தமும் தோற்றது. கையிருப்பு சிறிதும் இல்லாதவனுக்குப் பட்டினியின் நாள்கணக்கு வேறு என்பதையும், சேரியில் மதிக்காதவன் ஆலை வாசலில் மட்டும் தோழனாகிவிட முடியாது என்பதையும் அந்தச் சங்கம் போதிய அளவு உணரவில்லை என்பது என் முடிவு. வர்க்கம் எல்லாப் பிளவுகளையும் தானாக மூடிவிடும் என்று எழுதிய கோட்பாட்டாளர்கள் புளியந்தோப்பைப் படித்திருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் அந்தப் பிளவுகள் மாறிய வடிவில் இருக்கின்றன. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது பாய்ந்ததில் பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுத்துறங்கும் தொழிலாளிக்காக, அந்தத் தொட்டி பாதுகாப்பானதா என்று கேட்கும் குரல் யாருடையது? சங்கம் என்றால் கூலி உயர்வு மட்டுமே என்று நினைப்பவர்களிடம் நான் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன்.

சேவை செய்யும் இடத்தில் சங்கம் எதற்கு என்ற கேள்விக்கும் நம் ஊரிலேயே விடை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஊழியர் சங்கம் தொடர்ந்த வழக்கில், சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனத்துக்கும் தொழில் தகராறுச் சட்டம் பொருந்தும் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் அந்த மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய மூன்று சட்டங்களின் இடத்தில் இப்போது அதுதான் இருக்கிறது. பல சங்கங்கள் உள்ள ஆலையில் 51 விழுக்காடு தொழிலாளர்களை உறுப்பினராகக் கொண்ட சங்கமே பேச்சுவார்த்தை நடத்தும் தனிச் சங்கம் என்று அது சொல்கிறது. இதைப் பார்த்ததும் நிர்வாகத்துக்கு வேண்டியவர்களைக் கொண்டு போட்டிச் சங்கம் ஒன்றைத் தொடங்கும் எண்ணம் யாருக்காவது வரலாம். நிர்வாகமே சங்கத்தை உருவாக்குவதும், சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவதும், சேராமல் இருக்கப் பதவி உயர்வு காட்டுவதும் முறையற்ற தொழில் நடவடிக்கைகள் என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கின்றன. உன் மேலதிகாரியிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டு. அவர் கோபப்பட்டாலும் காட்டு. உன் வேலையைக் காக்கும் வழியும் அதுதான்.

அவர்கள் கொடுத்த கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்து மூலம் ஒப்புகை கொடு. முதல் கூட்டத்தில் நீ பேசுவதைவிட அவர்களைப் பேசவிடுவது நல்லது. அவர்கள் சொல்வதை ஒன்று விடாமல் குறித்துக்கொண்டு, எதற்கு எந்தத் தேதிக்குள் விடை வரும் என்று சொல். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்தக் கூட்டத்துக்கு வருகிறார்களா என்று கவனி. வராவிட்டால் அவர்களுடைய சம்பளச் சீட்டுகளையும், உணவகத்திலும் ஓய்வறையிலும் அவர்களுக்கு என்ன இடம் என்பதையும் நீயே போய்ப் பார். உங்கள் ஆலையின் நிலையாணைகளின், அதாவது வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கையும் பற்றிய எழுத்து விதிகளின், நகலை எனக்கு அனுப்பு; ஒழுங்கு நடவடிக்கை பற்றிய பகுதியைப் படித்து என் குறிப்புகளை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா