ஹாம்பர்க்கை விட்டுக் கிளம்புகிறோம்

அன்புள்ள ராஜி,

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பதில் போடாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது சேதி: ஹாம்பர்க்கை விட்டுக் கிளம்புகிறோம். இவருக்கு இனி வீட்டிலிருந்தே வேலை. லூஹோ-டான்னென்பெர்க் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறோம்.

பெயரைச் சொல்லவே வாய் சுளுக்கும், தெரியும். ஜெர்மனியிலேயே ஜனத்தொகை குறைந்த மாவட்டம் இதுதான். 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல் இடம், ஆட்கள் ஐம்பதாயிரம்கூடத் தேறாது. ஆட்டோபான் என்கிற விரைவுச்சாலைகூடக் கிடையாது. "இதற்கா கடல் தாண்டிப் போனாய்?" என்று சேகர் மாமா குரலில் நீ கேட்பது காதில் விழுகிறது.

ஆனால் ஊரைப் பார்த்தால் வாயடைத்துப் போவாய். நடுவில் வட்டமாக ஒரு திடல், அதைச் சுற்றி முகப்புகளைத் திடல் பக்கம் திருப்பிக்கொண்டு பெரிய மரச்சட்ட வீடுகள். ருண்ட்லிங் என்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்லாவிய மக்கள் குடியேறிய ஊர்கள். அவர்கள் பேசிய போலாபிய மொழி 18ஆம் நூற்றாண்டில் அழிந்துவிட்டது. பாரும் ஷுல்ட்சே என்ற ஒரு விவசாயி, சத்திரமும் நடத்தியவர், 1725 வாக்கில் உட்கார்ந்து அதன் சொற்களை எழுதி வைத்திருக்கிறார், தன் தலைமுறையோடு எல்லாம் போய்விடும் என்று தெரிந்தே. நம் பத்மா டீச்சர் இருந்திருந்தால் அந்த மனிதருக்காக ஒரு பீரியடையே ஒதுக்கியிருப்பார்.

இத்தனை வீடுகள் தப்பியதற்குப் பெரிய காரணம் ஏழ்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போருக்குப் பிறகு இந்த மாவட்டத்துக்கு மூன்று பக்கமும் கிழக்கு ஜெர்மனி. எல்பே ஆற்றின் மேல் அக்கரை ஊரான டோமிட்ஸுக்குப் போன பாலங்கள் 1945இல் குண்டுவீச்சில் போயின. சாலைப் பாலம் திரும்ப வந்தது 1992இல்தான். ரயில் பாலம் வரவே இல்லை. இந்தக் கரையில் மிச்சமிருக்கும் துண்டு புல்வெளி மேல் நடந்து வந்து ஆற்றோரம் சட்டென்று நின்றுவிடுகிறது. முட்டுச்சந்துக்கு எந்தத் தொழிற்சாலை வரும்?

வந்தது ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டுகிறேன். 1977 பிப்ரவரியில் மாநில முதல்வர் எர்ன்ஸ்ட் ஆல்பிரெக்ட், நாட்டின் அணுக்கழிவைப் புதைக்க இங்குள்ள கோர்லேபென் என்ற ஊரைக் காட்டினார். அடியில் உப்புப் படிவம், மேலே கொஞ்சம் ஜனம், பக்கத்திலேயே எல்லை. கேட்க ஆளில்லை என்று நினைத்திருப்பார்கள். விவசாயிகள் 1979இல் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு மாநிலத் தலைநகர் ஹானோவருக்கே போய்விட்டார்கள்! மறு வருடம் துளையிடும் இடத்தில் குடிசைகள் போட்டு, "வென்ட்லாந்து சுதந்திரக் குடியரசு" என்று அறிவித்து (வென்ட்லாந்து என்பது இந்த வட்டாரத்தின் பெயர்), பாஸ்போர்ட் அடித்து, ரேடியோவும் நடத்தினார்கள். மே 3 முதல் ஜூன் 4 வரை தாங்கியது, அப்புறம் போலீஸ் இடித்துத் தள்ளியது. கழிவு ரயில் வரும்போதெல்லாம் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியில் 2020இல், நிரந்தரமாகப் புதைப்பதற்கான தேர்விலிருந்து கோர்லேபெனை நீக்கினார்கள்.

ஜெயித்துவிட்டார்களே என்பாய். ஏற்கெனவே வந்த அணுக்கழிவு அடைத்த 113 காஸ்டர் கொள்கலன்கள் அங்கே ஒரு கிடங்கில் அப்படியே இருக்கின்றன, ராஜி. அனுமதி 2034 வரை. ஆனால் எங்கே புதைப்பது என்பதே இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் எடுத்துப் போவார்கள் என்று யார் நம்புவது? நாங்கள் பார்த்த வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். இவர் "ஜன்னலைத் திறந்தால் கொக்குச் சத்தம், இதைப் போய் யோசிக்கிறாயே" என்கிறார். எனக்கு இரவில் யோசனை வருகிறது. சின்னவளுக்கு ஆறு வயதுதான் ஆகிறது.

இருந்தும் அங்கே போகத்தான் ஆசை. தெருவில் அந்தப் போராட்டத்தின் சின்னமாக மஞ்சள் நிறத்தில் பெருக்கல் குறி போலக் கட்டிய மரச்சட்டங்களை இன்னும் கழற்றாமல் வைத்திருக்கும் கிழவிகளோடு இருந்தால் பயம் குறையும் போலிருக்கிறது. நீ என்ன நினைக்கிறாய்? என்னைச் சமாதானப்படுத்தாமல் சொல்.

வீடு பிடித்துப்போனால் அடுத்த வசந்தத்துக்கு டிக்கெட் போடு. இயேசு விண்ணேற்றத் திருநாளிலிருந்து பெந்தெகொஸ்தே வரை ஊர் ஊராகக் கொட்டகைகளைத் திறந்துவைத்துக் கலை, பாட்டு, சாப்பாடு என்று அமர்க்களப்படுத்துவார்கள். வரும்போது பெருங்காயம் கொண்டு வா, அங்கே கிடைக்காது.

அன்புடன்,
மீனா